குதிரை இறந்துவிட்டால்: முதல் மணி நேரத்திலிருந்து அடுத்த குதிரை வரை

ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு மேளம் வைத்து ஊரே கூடி அடக்கம் செய்கிறது. குதிரை இறந்தால் என்ன சொல்வது என்றே நம்ம ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. ஊருக்கு ஒரு வீட்டில்தான் குதிரை இருக்கும், அந்த வீட்டுக்காரர் மேல் ஏற்கெனவே "காசு திமிர்" என்றோ "கிறுக்கு" என்றோ ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அதனால் விசாரிக்க வருகிறவர் முதல் கேள்வியாக "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்பார். இரண்டாவது கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" கோபப்படாதீர்கள், அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

இது குதிரை வளர்ப்பவர்களுக்காக எழுதுவது. சொந்தமாக வைத்திருப்பவர், மெரினாவிலோ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சவாரி விட்டுப் பிழைப்பவர், ரைடிங் பள்ளியில் ஒரே குதிரையில் வருடக்கணக்காகப் பழகியவர், எல்லாருக்கும் சேர்த்துத்தான். மற்ற செல்லப்பிராணிகளின் சாவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அழுவதற்கு முன்னால் இங்கே வேலை இருக்கிறது. முந்நூறு நானூறு கிலோ உடல், நம்ம ஊர் வெயில், இன்றைக்குள் முடித்தாக வேண்டும். அந்த வேலையை அவசரத்தில் யாரோ எப்படியோ செய்துவிட்டால், பிறகு மாதக்கணக்கில் மனதை அரிப்பது சாவைவிட அந்த ஒரு நாள்தான். அதனால் முதல் பாதி முழுக்க கை வேலை, மனசு விஷயம் அதற்கு அப்புறம்.

முதல் சில மணி நேரம்

இறந்துவிட்டது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது, பக்கத்து அரசு கால்நடை மருந்தகமும் இருக்கிறது. காரணம் தெரிய வேண்டும், சான்று வேண்டும், எல்லாவற்றையும்விட முக்கியமாக அது தொற்று நோயா இல்லையா என்று தெரிய வேண்டும்.

ஏனென்றால் நாம் செய்யும் முதல் காரியம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தில் முகம் வைத்து அழுவதுதான். பெரும்பாலான நேரம் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருத்த ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதனுக்கும் தொற்றும். தொடக் கூடாது, உடலை அறுக்கக் கூடாது, தோலை உரிக்க யாரையும் விடக் கூடாது. மூக்கில் கெட்டியான சளியும் தோலில் உடைந்து புண்ணான கட்டிகளும் இருந்திருந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம் வரும். அது மனிதனுக்கும் தொற்றும், 2009ஆம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். கடைசி நாட்களில் எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறி, தடுமாறி இருந்தால் வெறிநோயையும் நினைக்க வேண்டும். மருந்து கொடுக்க வாயில் கை விட்டவர்கள் எல்லாரும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லி ஊசி தேவையா என்று கேட்கட்டும். துக்க வீட்டில் இதையெல்லாம் பேசுவது கொடுமைதான், ஆனால் பேசாமல் விட்டால் அதைவிடக் கொடுமை.

காப்பீடு இருந்தால் புதைப்பதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். காது வில்லை அல்லது சிப் எண், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, சுழி எல்லாம் தெரிகிற மாதிரி படம் எடுக்கச் சொல்லி வேறு யாரிடமாவது போனைக் கொடுத்துவிடுங்கள். பிரேதப் பரிசோதனை கேட்டால் சம்மதியுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். குதிரையின் வயிற்றைத் திறப்பது சின்னக் காரியம் இல்லை, அந்தக் காட்சி உங்களுக்குத் தேவையும் இல்லை. டாக்டரிடம் முடிவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொற்று இல்லை என்று டாக்டர் சொன்னபிறகு வால் மயிர் எடுத்து வையுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் எல்லாரும் பின்னால் வருத்தப்படுகிறார்கள், ஏனென்றால் அப்புறம் என்று ஒன்று கிடையாது, மண் போட்டாகிவிட்டது. வாலின் உள்பக்கம் நீளமான ஒரு கற்றையைப் பிரித்து, மேல்முனையில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி, அதற்கு மேலே வெட்டுங்கள், கீழ்முனையிலும் இன்னொன்று. வேண்டுமானால் பிடரி மயிரிலும் கொஞ்சம். ஷாம்பூ போட்டு அலசி நிழலில் நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். பின்னி வளையலாகப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அப்படியே பீரோவில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கூட இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றை வரும் அளவுக்கு எடுங்கள், முக்கியமாகக் குதிரையைப் பார்த்துக்கொண்டவருக்கு.

லாடத்தையும் கழற்றிவிடுங்கள், லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டால் சில நிமிட வேலை. மண்ணைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது. ராசிக்காக வாசலில் அடிக்க லாடம் கேட்டு யாராவது வருவார்கள். நாலையும் கொடுத்துவிடாதீர்கள்.

கால்களைச் சீக்கிரம் மடக்கி வைக்க வேண்டும். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும், அதற்கப்புறம் நீட்டிய கால்களோடு குழியில் இறக்குவது பெரும்பாடு, பார்ப்பதற்கும் பொறுக்காது. முகத்தின் மேல் ஒரு வேட்டியோ போர்வையோ போடுங்கள். கண் தானாக மூடாது, மூட முயன்றாலும் நிற்காது, அதைப் பார்த்து "நிம்மதி இல்லாமல் போச்சோ" என்று குழம்ப வேண்டாம். குதிரைக்கு அப்படித்தான்.

குழி

ஜேசிபி இல்லாமல் முடியாது. ஆளை வைத்து வெட்டினால் இருட்டிவிடும், ஆழமும் போதாது. ஒன்பது அடி நீளம், ஆறு ஏழு அடி அகலம், எட்டு அடி ஆழம் சொல்லுங்கள். உடலுக்கு மேல் குறைந்தது நாலு அடி மண் நிற்க வேண்டும், இல்லையென்றால் நாயும் நரியும் தோண்டும். கிணறு, போர்வெல், வாய்க்கால் இவற்றிலிருந்து முந்நூறு அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும், இன்னும் தள்ளி இடம் இருந்தால் இன்னும் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஊறுகிற நிலம் என்றால் அங்கே ஆசைப்படாதீர்கள், அது குதிரைக்குப் பிடித்த மரத்தடியாக இருந்தாலும் சரி. மேட்டு நிலத்துக்குப் போங்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள் ஊராட்சி அலுவலகத்திலோ நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலோ எங்கே புதைக்கலாம் என்று கேட்க வேண்டும். கழிவு வண்டி வந்து எடுத்துப் போகிறது என்றால் எந்த இடத்துக்குப் போகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் மனசு அந்த இடத்தைத் தேடும்.

சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் மக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். உண்மையில் சுண்ணாம்பு மக்குவதைத் தாமதப்படுத்தும். நோயில் இறந்து டாக்டர் போடச் சொன்னால் அவர் சொன்ன அளவுக்குப் போடுங்கள், மற்றபடி மண் பார்த்துக்கொள்ளும். மேலே ஒரு இரண்டு அடிக்கு மேடாகக் குவித்துவிடுங்கள், உள்ளே இறங்க இறங்க மட்டமாகிவிடும்.

ஜேசிபி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கழுத்தில் சங்கிலி போட்டு இழுப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. அகலமான பெல்ட் இரண்டை நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே விட்டுத் தூக்கச் சொல்லுங்கள், பெல்ட் இல்லையென்றால் தடித்த தார்ப்பாயில் கிடத்தித் தள்ளலாம். இதைச் சொல்ல உங்களால் முடியாது, அழுகை வரும், அதனால் திடமான ஒரு ஆளை, மாமாவோ நண்பரோ, அதற்கென்று நிறுத்துங்கள். தூக்கும் நேரத்தில் நீங்களும் பிள்ளைகளும் அங்கே இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழியில் வைத்து, நேராக்கி, துணி போர்த்திய பிறகு வாருங்கள். பூ போடுவது, ஒரு கைப்பிடி மண் போடுவது, அதற்குப் பிடித்த வெல்லமோ கேரட்டோ வைப்பது எல்லாம் அப்போது செய்யலாம். கடிவாளத்தை உள்ளே வைத்துவிடாதீர்கள், அந்த நிமிடத்தில் வைக்கத் தோன்றும், ஒரு மாதம் கழித்துத் தேடுவீர்கள்.

இன்னும் உயிர் இருக்கிறது, முடிவு உங்கள் கையில் என்றால்

கால் எலும்பு நொறுங்கியிருக்கும், அல்லது குடல் முறுக்கிக்கொண்டு வலி மருந்துக்கும் அடங்காமல் புரண்டுகொண்டிருக்கும். டாக்டர் தயங்கித் தயங்கி "ஊசி போட்டுடலாமா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். பிழைத்தால் வலி இல்லாமல் நிற்க முடியுமா? இது உங்கள் குதிரையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான டாக்டர்கள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

சரி என்று முடிவெடுத்துவிட்டால், விடை சொல்வதை மயக்க ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மயக்கம் ஏறியபிறகு அதற்கு நீங்கள் யாரென்று தெரியாது. கடைசியாகச் சாப்பிடக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். குதிரை பெரும்பாலும் நின்றபடியேதான் ஊசி வாங்கும், அப்படியே சரியும், அந்தக் கனம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் கயிற்றை டாக்டரிடமோ அவர் உதவியாளரிடமோ கொடுத்துவிட்டு அவர் காட்டிய இடத்தில் நில்லுங்கள். விழுந்த பிறகு ஒரு பெருமூச்சு வரலாம், தோல் துடிக்கலாம், கால் ஒருமுறை உதறலாம். உயிர் போனபிறகு நரம்பு செய்யும் வேலை அது, வலியில் துடிப்பதாக நினைக்காதீர்கள். கூட நிற்க முடியாது என்று தோன்றினால் நிற்க வேண்டாம், அதற்குப் பழக்கமான வேறு ஒருவர் நிற்கட்டும். நின்றவர்தான் பாசக்காரர் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இன்னொன்று. உயிரை முடிக்க பென்டோபார்பிடால் போன்ற மருந்து போட்டிருந்தால் அது உடலில் அப்படியே இருக்கும், தின்கிற நாய், காக்கை, கழுகு எல்லாம் சாகும். வலி மருந்துகளும் அப்படித்தான்: மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால்தான் 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. அந்தக் கழுகுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆக, "காட்டில் போட்டுவிடலாம், கழுகு தின்னும்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். தோலுக்கோ இறைச்சிக்கோ கேட்டு வருகிறவரையும் அனுப்பிவிடுங்கள்.

லாயத்தில் மீதி இருப்பவை

கூட இன்னொரு குதிரை இருந்தால், தொற்று பயம் இல்லாத பட்சத்தில், உடலை அதற்குக் காட்டுங்கள். முகர்ந்து பார்க்கும், காலால் தட்டும், சில குதிரை ஒரு நிமிடத்தில் திரும்பிப் போய்ப் புல் மேயும், சில அங்கேயே நிற்கும். எப்படி இருந்தாலும் விடுங்கள். காட்டாமல் திடீரென்று எடுத்துவிட்டால், துணை எங்கேயோ போயிருக்கிறது, வந்துவிடும் என்று கனைத்துக் கனைத்துத் தேடுவது நீளும் என்பது குதிரை வளர்க்கும் பலரும் பார்த்தது.

அடுத்த சில நாட்களுக்கு அதன் தீனி, தண்ணீர், சாணம் மூன்றையும் கவனியுங்கள். வேலி ஓரம் மேலும் கீழும் நடப்பது, கூப்பிடுவது இயல்பு. தண்ணீர் குடிக்காமல் சாணம் குறைந்தால் அதற்கும் வயிற்று வலி வந்துவிடும், காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மட்டக்குதிரையும் கழுதையும் இன்னும் மோசம்: சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும், கழுதை பட்டினி கிடப்பதை "ஏக்கம், சரியாயிடும்" என்று விடக் கூடாது. குதிரை தனியாக இருக்கப் பிறந்த மிருகம் இல்லை. வேறு குதிரை உடனே கிடைக்காது என்றால் ஒரு ஆட்டையோ கன்றுக்குட்டியையோ பக்கத்தில் கட்டுங்கள், அதுவே போதும் சில நேரம்.

குட்டி போட்டுத் தாய் இறந்திருந்தால் உங்களுக்கு அழ நேரமே கிடையாது. சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் குட்டியின் வயிற்றில் போயாக வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்குமேல் தள்ளினால் பெரிதாகப் பயன் இல்லை. தாயின் மடியில் சீம்பால் இருந்தால் அது எதனால் இறந்தது என்று பார்த்து, டாக்டர் சரி என்றால் உடனே கறந்துவிடுங்கள். அதற்கப்புறம் ஆரம்ப நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்துப் பால். ஆட்டுப்பால் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது, அளவை டாக்டர் சொல்வார். வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலை துக்கத்தைத் தள்ளிப்போடும், குட்டி தேறியபிறகு ஒருநாள் மொத்தமாக வரும், அப்போது ஆச்சரியப்படாதீர்கள்.

அதிகாலை ஐந்து மணி

குதிரை வைத்திருப்பவனுக்குத் துக்கம் முக்கால்வாசி குறிப்பிட்ட ஒரு நேரத்தில்தான் வரும், கடிகார நேரத்தைச் சொல்கிறேன். காலையில் விழிப்பு வரும், கால் தானாக லாயத்துக்குப் போகும், முந்தின ராத்திரி ஊறப்போட்ட கொள்ளு இல்லை என்று அங்கே போய்த்தான் உறைக்கும். "அந்த நேரத்துல வேற ஏதாவது செய், மறந்துடும்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் சில வாரம் அந்த நேரத்தில் லாயத்துக்கே போங்கள். கூட்டுங்கள், தொட்டியைக் கழுவுங்கள், சும்மா உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அங்கே அழுதவர்கள் மற்ற இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்கிறார்கள். பிறகு அதே நேரத்தில் அதே பாதையில் நடக்கப் போங்கள், சவாரி செய்த உடம்பு அந்த அசைவைக் கேட்கும், திடீரென்று நிறுத்தினால் தூக்கம்கூடக் கெடும்.

மிச்சமிருக்கும் கொள்ளு, தவிடு, வைக்கோல் எல்லாவற்றையும் வண்டு பிடிக்கும் முன் மாடு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மருந்தைக் கொடுக்க வேண்டாம். சேணத்தை விற்காதீர்கள், குறைந்தது ஆறு மாதம். முதல் வாரத்திலேயே "சும்மாத்தானே கிடக்கு" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டு ஆள் வரும், மனசு விட்டுப்போன நேரத்தில் கொடுத்துவிடுவோம். மழைக்காலத்தில் தோல் பூசணம் பிடிக்கும், அதனால் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் போட வேண்டும், அதுவும் முடியாது என்றால் விஷயம் தெரிந்த நண்பர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

"நான்தான் கொன்னுட்டேன்"

வயிற்று வலியில் இறந்த குதிரையின் சொந்தக்காரர் எல்லாருமே இதைச் சொல்கிறார்கள். தீனியை மாத்தினேனா, தண்ணி குடிச்சதா பார்த்தேனா, ராத்திரி ஒருதரம் எழுந்து போய்ப் பார்த்திருந்தா? குதிரையின் வயிறு அப்படிப்பட்டது. வாந்தி எடுக்க அதனால் முடியாது, சிறுகுடல் மட்டும் சுமார் எழுபது அடி, பெருங்குடல் பல இடங்களில் எதனோடும் ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கும், அதனால் வாயுவோ அடைப்போ வந்தால் முறுக்கிக்கொள்ளும். நன்றாகப் பராமரித்த குதிரைக்கும் வரும். மணலைத் தின்றது, புழு, தீனி மாற்றம், தண்ணீர் குறைவு என்று காரணம் தெரிகிற கேஸ் உண்டு, ஒன்றுமே தெரியாத கேஸும் நிறைய உண்டு.

பணம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு குதிரையைச் சொல்கிறேன். பார்பரோ, 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. நல்ல மருத்துவமனை, பெரிய அறுவைச் சிகிச்சை, பிளேட், ஸ்க்ரூ, எட்டு மாதம் கவனிப்பு, நாடே செய்தி பார்த்துக்கொண்டிருந்தது. கால் ஓரளவு கூடியது, ஆனால் எடை முழுவதும் மற்றக் கால்களில் விழுந்து குளம்புக்குள் லாமினைடிஸ் என்ற வீக்கம் வந்து, 2007 ஜனவரியில் ஊசி போட வேண்டியதாயிற்று. கோடிகளால் முடியாதது நம் வீட்டு லாயத்தில் முடியவில்லை என்றால் அதற்கு நீங்கள் காரணம் இல்லை.

அப்படியும் மனசு அடங்காது. அப்போது ஒன்று செய்யுங்கள்: கடைசி ஒரு வாரம் நடந்ததை, என்ன தீனி, எப்போது தண்ணீர், எப்போது முதல் அறிகுறி, யாரை எப்போது கூப்பிட்டீர்கள் என்று தாளில் எழுதி டாக்டரிடம் எடுத்துப்போய் "இதில் எது தப்பு?" என்று நேராகக் கேளுங்கள். பல நேரம் "எதுவும் இல்லை" என்பார். ஏதாவது ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அதை மற்றக் குதிரைகளுக்கு உடனே மாற்றுங்கள். எப்படியானாலும் ராத்திரி முழுவதும் தலைக்குள் ஓடும் விசாரணைக்கு ஒரு முடிவு வரும்.

சுழி பேச்சும் வரும். "நான் அன்னைக்கே சொன்னேனுங்க, அந்தச் சுழி வீட்டுக்கு ஆகாதுன்னு." சாவுக்குக் குடலும் காலும்தான் காரணம், நெற்றிச் சுழி இல்லை. இறந்ததன் பேரில் பழி போடுகிறவரிடம் வாதாடி ஜெயிக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை, ஒரு "சரிங்க" போதும்.

கூட இருப்பவர்கள்

குதிரையைப் பார்த்துக்கொண்டவரை யாரும் நினைப்பதில்லை. நீங்கள் காலையில் ஒரு மணி நேரம் சவாரி செய்தீர்கள், அவர் நாள் முழுக்க அதோடு இருந்தார், குளிப்பாட்டினார், சாணம் அள்ளினார், காய்ச்சல் ராத்திரியில் பக்கத்தில் படுத்தார். அவருக்குத் துக்கத்தோடு ஒரு பயமும் சேர்ந்திருக்கும், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று. அதை அவராகக் கேட்கமாட்டார். ஒரு வாரத்துக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்: இருக்கிறது, அல்லது இத்தனை மாதம் சம்பளம் தருகிறேன், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொடுக்கிறேன். டாக்டர் கேட்கும் கேள்விகளை அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், இறந்துகிடக்கும் படத்தைப் போடவே போடாதீர்கள்.

குழந்தைகளிடம் "ஊருக்குப் போயிருக்கு", "வித்துட்டோம்" என்று சொல்ல வேண்டாம். விற்றுவிட்டோம் என்றால் உங்கள் மேல் கோபம் வரும், திரும்ப வாங்கச் சொல்லும். செத்துப்போச்சு, இனி வராது, அதற்கு வலிக்காது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். தாத்தா பாட்டி தடுத்தாலும் குழி மூடியபிறகாவது கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள்.

ரைடிங் பள்ளிக் குதிரைக்கு ஏங்குபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கஷ்டம்: உங்கள் குதிரை இல்லை என்பதால் யாரும் சொல்லியே இருக்கமாட்டார்கள், அடுத்த வகுப்புக்குப் போனபோதுதான் லாயம் காலியாக இருப்பது தெரியும். தயங்காமல் பயிற்சியாளரிடம் கேளுங்கள், எப்படி இறந்தது, எங்கே புதைத்தார்கள், வால் மயிர் ஏதாவது எடுத்து வைத்திருக்கிறார்களா. விற்ற குதிரை வாங்கியவரிடம் போய் இறந்தாலும் இப்படித்தான், போன் செய்து விசாரிக்க உங்களுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

"ஒரு குதிரைக்குப் போய் ஆம்பளை அழுவானா?" என்று யாராவது கேட்டால், அலெக்சாண்டர் தன் குதிரை புசிஃபாலஸ் கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரைப் பக்கம் இறந்தபோது அதன் பெயரில் ஒரு ஊரையே நிறுவினான் என்று சொல்லுங்கள். 1576இல் ஹல்திகாட்டிப் போரில் ராணா பிரதாப்பைச் சுமந்து இறந்த சேத்தக்குக்கு ராஜஸ்தானில் இன்றும் நினைவு மண்டபம் இருக்கிறது. நம்ம செஞ்சிப் பக்கம் போனால் தேசிங்குராஜன் பெயரோடு அவன் குதிரை பாராசாரி பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். நீங்கள் அழுவது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

ஆனால் வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, குடி கூடிவிட்டது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதைக் குதிரைக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். குதிரைக்காக என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம், இழப்பு என்று சொல்லித் தொடங்குங்கள்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கலாமா, படையல் போடலாமா என்று கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் செய்யுங்கள், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கொள்ளும் வெல்லமும் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள், பெயர் என்னவாக இருந்தால் என்ன. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் சிலர் புரவி எடுப்பின்போது அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்து வைத்து ஆறுதல் அடைவார்கள். அது சாமிக்குச் செய்யும் நேர்ச்சை, மண்குதிரை செய்யும் வேளாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மரம் நடுவதென்றால் ஒரு மழைக்காலம் போகட்டும், மண் இறங்கி முடிவதற்கு முன் நட்டால் கன்று சாய்ந்துவிடும், கல் வைத்தாலும் அப்படித்தான்.

அடுத்த குதிரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தை கூடும்போது புரோக்கர்கள் போன் செய்வார்கள். "அதே செவலை, அதே சுட்டி, பார்த்தா உங்க குதிரைதான்னு சொல்லுவீங்க." அதே மாதிரி இருக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள், அதைவிட அநியாயம் புதுக் குதிரைக்கு வேறு இல்லை, அது வேறு குணத்தோடு வரும், நீங்கள் தினமும் அதை ஒப்பிட்டுக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பொழுதுபோக்குக்கு வளர்ப்பவர் என்றால் அந்த வருடச் சந்தைக்குப் போகாமலே இருப்பது நல்லது என்பேன். சவாரி விட்டுப் பிழைப்பவருக்கு அந்த வசதி இல்லை, குதிரை இல்லாத ஒவ்வொரு நாளும் அடுப்பு கேட்கும். நீங்கள் உடனே வாங்குவதில் துரோகம் எதுவும் இல்லை, கந்துவட்டிக்குக் கடன் எடுத்து மட்டும் வாங்காதீர்கள், நிறமும் உயரமும் வேறாக இருந்தால் மனசுக்கும் கொஞ்சம் லேசு.

இறந்தது தொற்று நோயில் என்றால் டாக்டர் அனுமதி இல்லாமல் புதுசைக் கொண்டுவந்து கட்டக் கூடாது. பழைய படுக்கை வைக்கோலை எரித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வெயில் காயவிட்டு, தண்ணீர்த் தொட்டி, பிரஷ், கயிறு எல்லாம் மாற்றியாக வேண்டும். வாங்கும்போது கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவு கேளுங்கள், இல்லையென்றால் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்றக் குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சேணம். பழையது மேல் பாசம் இருக்கும், அதையே போடத் தோன்றும். ஒவ்வொரு குதிரைக்கும் முதுகு வேறு, தோள் மேட்டு எலும்பில் அழுத்தினால் நாலு நாளில் புண்ணாகிவிடும். கீழே துணி போடாமல் வைத்து, முன்பக்கம் மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா, உட்கார்ந்தபிறகும் அந்த இடைவெளி நிற்கிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் புதுசு வாங்குங்கள், பழையதை எண்ணெய் போட்டு உள்ளே வைத்துவிடலாம்.